சிவப்பு மெழுகு

முக்கீபி கட்டிலிலிருந்து இறங்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டும். யாருடைய கையும் படக்கூடாது. மாமியார் வந்து சேர்வதற்குள் முடிய வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத காரியம்தான். ஆனால் அவனுடைய குடித்தனமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பலாமரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் எட்டு மாதம். ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் போயிற்று. மிச்ச மூன்று மாதமும் காலையில் அவனைத் தூக்கி நாற்காலியில் வைத்தவளும், சாயங்காலம் தூக்கிக் கட்டிலில் போட்டவளும் மனைவி நாகிமேராதான். போன மாதம் தண்ணீர் டப்பாவை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்க்கக்கூடாத ஆள் அதைப் பார்த்துவிட்டது. அவளுடைய அம்மா.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரே அந்த அம்மாளை நாலொங்கோ என்று மரியாதையாக அழைக்கும். அன்றைக்கு அவள் வாழைத்தோப்பில் நின்றபடி, வீட்டுக்குள் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இந்த வீட்ல ஒரு முதுகு போச்சு. ரெண்டாவது முதுகு என் பொண்ணோடது, அதையும் விட்டுக்கொடுக்க நான் தயாரா இல்ல. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை வருவேன். மாப்பிள்ளை தானா எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருந்தா சந்தோஷம். இல்லேன்னா பொண்ணு எங்கூட வந்துருவா."

உள்ளே வந்து முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்றால், அது நடக்காது. அந்த ஊர் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் தொடக்கூடாது, ஒரே அறையில் இருக்கக்கூடாது. மீறினால் சாகும்வரை கை நடுங்கும் வியாதி வரும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முக்கீபிக்கு அவளுடைய குரல் மட்டும்தான் பழக்கம். அதுவே போதும் போதும் என்றிருந்தது.

அந்த முதல் சனிக்கிழமை இன்றைக்குத்தான். சொல்லி வைத்த மாதிரி, நேற்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இறந்துபோனார். அடக்கம் என்றால் ஊரில் ஒரு ஈ காக்கை வீட்டில் இருக்காது. நாகிமேரா கத்தியை எடுத்துக்கொண்டு, துக்க வீட்டுச் சமையலுக்கு வாழைக்காய் உரிக்கக் கிளம்பினாள். கிளம்பியவள் வாசலிலேயே நின்றாள்.

"நான் வேணா இருக்கட்டுமா?"

"போ நீ. இருந்தா உன் கை சும்மா இருக்காது."

"பிடிக்க மாட்டேன். பாத்துட்டு மட்டும் நிப்பேன்."

"நீ பாத்தாலே எனக்குக் கை நடுங்கும். போடி."

அவள் சிரித்தாள். ஆனால் கண்ணில் பயம் இருந்தது. அவனுக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தான். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிக் கீழே விட்டான். நாற்காலியைக் கட்டிலோடு சாய்த்து நிறுத்தி, பிரேக் இரண்டையும் அழுத்தினான். பள்ளிக்கூடப் பெஞ்சுப் பலகையை இழைத்துச் செய்த சறுக்குப் பலகை ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையைத் தொடைக்கடியில் திணித்து, மறுமுனையை நாற்காலி மேல் வைத்தான். தலை ஒரு பக்கம் போனால் இடுப்பு மறுபக்கம் போகும். இழுக்கக்கூடாது, தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் தோல் உரிந்து புண்ணாகும். ஒன்று. இரண்டு. பாதிப் பலகை தாண்டியாயிற்று.

மூன்றாவது தடவை கையை ஊன்றியபோது நாற்காலி நகர்ந்தது.

சக்கரம் சுழலவில்லை, பிரேக் போட்டது போட்டபடிதான் இருந்தது. நாற்காலி மொத்தமாக வழுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஒரு சாண் போய்விட்டது. முக்கீபி கீழே பார்த்தான். சிமெண்டுத் தரை ரத்தச் சிவப்பாக மினுங்கியது. அம்மா வருகிறாள் என்று நாகிமேரா நேற்று முழங்காலிட்டு வீடு பூராவும் சிவப்பு மெழுகு தேய்த்திருந்தாள். அந்த முதுகோடு! அம்மா எட்டிக்கூடப் பார்க்க முடியாத படுக்கையறையையும் விடவில்லை. பைத்தியக்காரி, என்று அவனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

பலகையின் முனை இரண்டு விரல் அளவுதான் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் கட்டில் காலைப் பிடித்தான். இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் பலகையோடு தரைக்குப் போவான். அப்போது பார்த்து, உணர்வில்லாத வலது கால், அவ்வப்போது வருகிற இழுப்பில் தன்பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏதோ கனமானது தொப்பென்று இறங்கியது.

"வீட்ல யாரும்மா?"

நாலொங்கோ. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

பலகை கிறீச்சிட்டது. காலடி நடைக்குள் வந்து, படுக்கையறை வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றது.

"மாப்பிள்ளையா? என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

பொய்க்கு இனி கையில் பலமில்லை. "நாற்காலி வழுக்குது. தரையில மெழுகு. பாதியில நிக்கிறேன்."

"பொண்ணைக் கூப்பிட்டு வரேன். துக்க வீட்ல இருக்காள்னு வழியில சொன்னாங்க. எவ்வளவு தூரம்?"

"வேண்டாம்! அவ தூக்கக்கூடாது. அதுவரைக்கும் என் கையும் தாங்காது."

அவனுடைய விரல்கள் கட்டில் காலிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின. உள்ளே வந்துவிடுவாளோ என்று ஒரு பயம், வராமல் போய்விடுவாளோ என்று இன்னொரு பயம். எது பெரியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம் வழுக்குது?"

"உங்க பக்கம்."

நடையில் எதையோ இழுக்கும் ஓசை. திரையின் அடியில் பச்சையாக ஒன்று தலையை நீட்டியது. அவள் கொண்டுவந்த சமையல் வாழைத்தார். ஒரு ஆள் தூக்க முடியாத கனம். அது உள்ளே வந்து நாற்காலிச் சக்கரத்தில் முட்டி நின்றது.

"நான் தரையில உக்காந்து முதுகைச் சுவத்துல குடுத்துட்டேன். ரெண்டு காலும் தார் மேல. உதைக்கட்டுமா?"

"அத்தை... தார் வழியா பட்டா, பட்ட மாதிரி ஆகாதா?"

"அதையும் யோசிச்சேன்." ஒரு நொடி குரல் தடுமாறியது. "தொட்டது தார்தான். வியாதி வந்தா அதுக்கு வரட்டும். பிடிச்சுக்கங்க!"

உதைத்தாள். வழுக்கிப் போன நாற்காலி அதே மெழுகில் திரும்பி வந்து கட்டிலில் இடித்தது. பலகை சரியாக உட்கார்ந்தது.

"இப்ப நீங்க வாங்க. நான் அசைய மாட்டேன்."

முக்கீபி தலையைத் தாழ்த்தி, கையை ஊன்றித் தூக்கினான். வாழைக்காய்கள் நசுங்கும் சத்தம் கேட்டது, சக்கரம் அசையவில்லை. இன்னொரு தூக்கு. கடைசித் தூக்கில் நாற்காலிக்குள் விழுந்தான். வாய்விட்டு அழுதான், வெட்கப்படவில்லை.

"உக்காந்தாச்சா?"

"ஆச்சு."

"தாரை இழுத்துக்கறேன். நான் பின்பக்கம் அடுக்களைக்குப் போனப்புறம் வெளிய வாங்க." காலடி நகர்ந்து மறுபடி நின்றது. "மாப்பிள்ளை, கை நடுங்குதா?"

அவன் கைகளைப் பார்த்தான். இரண்டும் கிடுகிடுவென்று ஆடின.

"நடுங்குது அத்தை."

"எனக்கும்தான். பயத்துல வந்தது. போயிடும்."

மத்தியானம் அடக்கம் முடிந்து நாகிமேரா ஓட்டமும் நடையுமாக வந்தபோது கணவன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தானாவா?"

"நாற்காலி வழுக்கிருச்சு. உங்கம்மா இல்லேன்னா..."

"அம்மா எங்க?"

அவன் உள்ளே கை காட்டினான். அவள் திரையை விலக்கினாள். மருமகன் படுக்கும் அறையில், தன் ஜென்மத்தில் கால் வைக்கக்கூடாத இடத்தில், நாலொங்கோ கோமெசி உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள். சாம்பலும் மணலும் போட்டு, கட்டிலைச் சுற்றியிருந்த சிவப்பு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! இந்த அறைக்குள்ள நீ..."

"கத்தாத. அவரு வெளியதானே இருக்காரு." நிமிராமல் தேய்த்தாள். "இறங்கினவரு பொழுது சாயறப்போ தானா ஏறணும்ல? நான் முற்றத்துல நின்னு காது குடுத்துட்டிருப்பேன். நீ கை வச்சே, உன்னை அப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன்."