பாதி மாத்திரை

சுடுகாட்டில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். அதைத் தேடித்தான் மூர்த்தி அக்காவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஆதார் மேலாகவே இருந்தது. அதனடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு பிளேடு. அதற்கும் அடியில் பிரஷர் மாத்திரைகள், எல்லாம் பாதிப் பாதியாக.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அக்கா தனத்துக்கு அறுபத்தைந்து வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. கல்யாணம் ஆகவில்லை. வேங்கிக்கால் ஊரில் தம்பி கட்டிய வீட்டின் பின்னறையில் இருந்தாள். மாசம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் உதவித்தொகை. மூன்று வருஷமாக அதே ஆயிரத்து ஐந்நூறு. தம்பியோ கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பென்ஷனுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை அகவிலைப்படி ஏறும். ஏறிய அன்று அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வருவார். அக்காவுக்கும் ஒரு துண்டு உண்டு. அப்படி ஒரு தாராளம்.

போன தீபாவளி சமயம் அவள் கேட்டாள்.

"மூர்த்தி, ஆஸ்பத்திரில குடுக்கற மாத்திரை ஒத்துக்கலடா. வெளில வாங்கறது ரேட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு. பத்த மாட்டேங்குது."

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உனக்கு அகவிலைப்படி கிடையாதுக்கா. பாதியா வெட்டிக்கோ. கவர்மெண்டே அப்படித்தான் பண்ணுது."

வீடே சிரித்தது. அக்காவும்தான். ஆபீசிலும் அவர் பேச்சுக்குச் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள். மேலதிகாரி ஆன பிறகு கொஞ்சம் கூடுதலாகவே.

இன்று காலை, அக்கா இறந்ததைச் சொன்ன டாக்டர் கேட்டார்: "பிரஷர் மாத்திரை தவறாம போட்டாங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்" என்றார் மூர்த்தி. அதுவும் பொய்யில்லை.

மனைவி உண்ணாமலை அறை வாசலில் வந்து நின்றாள். அவளிடம் டப்பாவை நீட்டினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் காசு குடுத்தேன், வாங்கல. 'தம்பியே வெட்டிக்கச் சொல்லிட்டான், படிச்சவன், தெரியாமயா சொல்லுவான்'னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு ஜோக்கு சொல்லுவீங்க."

அவர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஓய்வூதியர் சங்கத்து ஆட்கள் பந்தலில், ஐஸ் பெட்டிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அர்ஜுனன் வாயில் வெற்றிலையோடு வந்து கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது.

"மனசத் தேத்திக்குங்க சார். கஷ்டப்படாம போய்ட்டாங்க." அதே மூச்சில் குரலைத் தாழ்த்தினார். "நியூஸ் பாத்தீங்களா? மூணு பர்சன்ட் ஏத்திட்டான்."

"அரியர் உண்டா?" பக்கத்து நாற்காலி பாதி எழுந்தது.

"உண்டுங்கறான். இந்த வெலவாசில மூணெல்லாம் எந்த மூலைக்கு? சார் வூட்டு மைசூர்பாகு பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும்தான், என்ன சார்?"

மூர்த்தி கையை உருவிக்கொண்டார். வெற்றிலைச் சாறு அர்ஜுனன் உதட்டோரம் வழிந்துகொண்டிருந்தது. அவரைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று தோன்றிய அதே நேரத்தில், தன் மனசு மூணு பர்சன்ட்டைப் பெருக்கி முடித்துவிட்டதை மூர்த்தி கண்டுபிடித்தார். ஏறக்குறைய அக்காவின் ஒரு மாசத் தொகையில் முக்கால்வாசி.  இதற்கு அர்ஜுனன் மேல் பழி போட முடியவில்லை.

உண்ணாமலை தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "காலைலேந்து நீங்க பிரஷர் மாத்திரை போடல. மயக்கம் கியக்கம் வந்துடப் போவுது." அவர் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். அதே கம்பெனி, அதே வெள்ளை. அவர் தண்ணீரை வாங்கவில்லை. விரல்களை மட்டும் மூடிக்கொண்டார்.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்க. கூடப் பொறந்தவரு மொதல்ல" என்று சடங்கு செய்பவர் குரல் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்திருந்தார்கள். அக்காவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"கைய விரிங்க சார்."

விரித்தார். மாத்திரையின் மேலேயே அரிசி விழுந்து மூடியது.

பின்னால் அர்ஜுனன் யாருக்கோ போனில் பர்சன்ட் சொல்லிக்கொண்டிருந்தார். மூர்த்தி குனிந்து, அக்காவின் உதட்டோரம் கையைச் சாய்த்தார். அரிசி சரிந்தது. கூடவே சின்னதாக ஒரு வெள்ளை வட்டமும், முழுசாக.