பசுவைத் திருப்பிய முதல்வர்

கால்நடை மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு மாடு என்றால் ஆகாது என்று சொன்னால் அது அபாண்டம். சாணி நாற்றமும் ஈயும் இல்லாத மாடு என்றால் அவருக்கு உயிர். அப்படி ஒரு பசுவைத்தான் கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்திருந்தார். திரையில் விரல் வைத்தால் தோல் கழன்றுகொள்ளும், மறுபடி வைத்தால் விலா எலும்புகள் விலகும், இதயம் துடிக்கும், வாலைத் தொட்டால் வாலைத் தூக்கும். வந்தவர் போனவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்து ஒரு தடவையாவது தொடச் சொல்லுவார். செத்த மாட்டை அறுத்துப் பாடம் படிக்கிற பழைய அறுவைக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவும் எதற்காக? எல்லாக் கால்நடைக் கல்லூரிகளுக்கும் மேலே இயக்குநர் என்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்காகத்தான். இரண்டு வருடமாக மனிதருக்குத் தூக்கத்தில்கூட அந்த நாற்காலிதான். ஆய்வுக் குழு வந்து பசுவைத் தொட்டுப் பார்த்து நல்ல வார்த்தை எழுதிவிட்டால் நாற்காலி அவருக்கு.

பசு தயாரானபோது ஒரே ஒரு சிக்கல் வந்தது. திரையின் வலது மேல்மூலையில் முதல்வரின் புகைப்படம் இருந்தது. பசு இடப்பக்கம் பார்த்து நின்றது. அதாவது, அதன் பின்புறம் நேராக முதல்வரின் முகத்துக்கு எதிரே இருந்தது.

"என்னய்யா இது, எனக்குப் பின்னாடியைக் காட்டிக்கிட்டு நிக்குது. திருப்பு" என்றார், கம்ப்யூட்டர்காரரிடம்.

"திருப்பினா இந்தப் பக்கம் மறைஞ்சிடும் சார். பெரிய வயித்துக்கு நீங்கதான் பச்சைக் கலர் போடச் சொன்னீங்க, அது தெரியாது. உங்க போட்டோவை இந்த மூலைக்கு மாத்திடட்டுமா?"

"அங்க கல்லூரிச் சின்னம் இருக்கு. சின்னத்தை யாராவது நகர்த்துவாங்களா? வயிறும் தெரியணும், தலையும் என்னைப் பாக்கணும்."

கம்ப்யூட்டர்காரர் வாழ்நாளில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனவர் இல்லை. ஒரே ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிவிட்டார். தலை முதல்வரைப் பார்த்தது. பச்சை வயிறும் பளிச்சென்று தெரிந்தது. என்ன, மாட்டின் நான்கு வயிறுகளில் பெரியதான, இடப்பக்கம் இருக்கவேண்டிய பெருவயிறு வலப்பக்கம் போய்விட்டது. உலகத்தில் உள்ள பசுக்களுக்கெல்லாம் அது இடப்பக்கம்தான். இந்த ஒரு பசு மட்டும் முதல்வருக்காக உள்ளுறுப்பையெல்லாம் இடம் மாற்றிக்கொண்டது.

முதலில் கண்டுபிடித்தவர் உடற்கூறு ஆசிரியை.

"சார், வயிறு பக்கம் மாறி இருக்கு. பசங்க தப்பாப் படிப்பாங்க."

முதல்வருக்குப் புரியாமல் இல்லை. அவரும் ஒரு காலத்தில் படித்துத் தேறியவர்தானே. ஆனால் குழு வருவதற்கு மூன்று மாதம்தான் இருந்தது. அழைப்பிதழ், சுவரொட்டி, கையேடு எல்லாவற்றிலும் அந்தப் படம்தான் அச்சாகியிருந்தது. "குழு வந்துட்டுப் போகட்டும்மா, அப்புறம் சரி பண்ணிக்கலாம். வயிறு எங்கயும் ஓடிப் போகாது" என்று பூசி மெழுகினார். ஆசிரியை விடாமல் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். மறுவாரம் அவரை நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கு ஒட்டுப் போடும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தேர்வையும் அந்தப் பசுவே நடத்தியது. 'பெருவயிற்றைத் தொடுக' என்பது பதினான்காவது கேள்வி. வலப்பக்கம் தொட்டால் மணி அடித்து முழு மதிப்பெண். இடப்பக்கம் தொட்டால் சிவப்பு விளக்கு. வீட்டில் மாடு வைத்திருந்த மூன்று பேர் இடப்பக்கம் தொட்டுத் தோற்றார்கள். மாட்டைக் கிட்டத்தில் பார்த்தே இராத ஒரு பெண் நூற்றுக்கு நூறு வாங்கி முதலாவதாக வந்தாள். முதல்வர் அவளுக்குக் கோப்பை கொடுத்தார். அன்று அவர் மனம் கொஞ்சம் உறுத்தியது. கைதட்டலில் அது காணாமல் போயிற்று.

குழு வந்த நாள் காலை. குழுத் தலைவியை முதலில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார் முதல்வர், காபிக்கு. அந்த அம்மாள் முப்பது வருடம் மாட்டுக் கொட்டகைகளில் கிடந்தவர், அதிகம் பேசமாட்டார். கூடவே முதல் மதிப்பெண் பெண்ணையும் அவளுக்கு அடுத்த இரண்டு பேரையும் வரவழைத்து, கண்காட்சிப் பொம்மைகள் மாதிரி வரிசையாக நிற்கவைத்திருந்தார்.

காபி ஆறுவதற்குள் கொல்லையிலிருந்து முதல்வரின் மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க, என் மாடு விழுந்துடும் போல இருக்கு. ராத்திரி கயித்தை அவுத்துக்கிட்டுப் போயி ஈரப் பயறுக்கொடியை மேஞ்சிருக்கு. வயிறு பானை மாதிரி ஊதிக் கிடக்கு. வாங்க."

அது அவள் கன்றிலிருந்து வளர்த்த மாடு. முதல்வர் அதன் பக்கம் போய்ப் பத்து வருடம் இருக்கும். இப்போது எல்லோரும் கொல்லைக்கு ஓடினார்கள். மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சுக்குத் திணறியது. இடப்பக்கம் தோல் முரசுபோல விறைத்திருந்தது.

தலைவி தன் காரிலிருந்து பையை எடுத்துவரச் சொல்லி, குழாய் பொருத்திய தடித்த ஊசியை எடுத்தார். வயிற்றைக் குத்தி வாயுவை வெளியேற்றுகிற கருவி. "நேரமில்லை. உங்க நல்ல மாணவிதானே, அவளே செய்யட்டும்" என்றார்.

மாணவி ஊசியை வாங்கிக்கொண்டு, துளி தயக்கமில்லாமல் வலப்பக்கம் போய் நின்றாள். மற்ற இரண்டு பேரும் அவள் பின்னாலேயே போனார்கள்.

"ஏம்மா, ஊதியிருக்கறது இந்தப் பக்கம்ல, அங்க எதுக்குப் போற" என்றாள் மனைவி.

"இல்லம்மா, வயிறு வலப்பக்கம்தான். பதினாலாவது கேள்வி. சார்தான் கோப்பை கொடுத்தார்."

தலைவி குறுக்கிடாமல், இவர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று முதல்வரைப் பார்த்தார். இடப்பக்கம் என்று சொன்னால் போயிற்று நாற்காலி. சொல்லாவிட்டால் ஊசி மாட்டின் குடலுக்குள் போகும், மாடும் போகும். நாற்காலியா மாடா என்று யோசிக்க அந்த மாட்டுக்கு நேரமில்லை. ஆனாலும் மனிதர் யோசித்தார். யோசித்து, வாயைத் திறந்து சொன்னார் பாருங்கள்:

"பசுவைத் திருப்புங்க."

பழக்கதோஷம். மூன்று மாணவர்களும் கயிற்றைப் பிடித்து, தள்ளாடுகிற மாட்டை அரைச் சுற்றுச் சுற்றித் திருப்பினார்கள். இப்போது தலை இருந்த இடத்தில் வால் இருந்தது. வீக்கம் மட்டும் அந்த மாட்டின் இடப்பக்கத்திலேயே, சொன்ன பேச்சைக் கேட்காமல் நின்றது. மாணவியும் மறுபடி சுற்றிவந்து வலப்பக்கத்திலேயே நின்றாள்.

மாடு முன்னங்கால் மடங்கி உட்காரப் பார்த்தது. மனைவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கத்தவில்லை. "உங்களுக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சும் நிக்கறீங்க" என்றாள்.

முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. முதல்வர் ஊசியை மாணவியின் கையிலிருந்து வாங்கினார். மாட்டின் பின்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். நாலடிதான் இருக்கும். பட்டு வேலைப்பாடு போட்ட புதுச் செருப்பு சாணியில் முழுகியது. விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, ஓங்கிக் குத்தினார். புஸ்ஸென்று வாயு சீறி அவர் முகத்திலேயே அடித்தது. ஐந்து நிமிடத்தில் மாடு மூச்சு சீராகி நிமிர்ந்தது.

மாணவி மெல்லக் கேட்டாள்: "சார், அப்போ என் மார்க்கு?"

தலைவி கையைக் கழுவிக்கொண்டு, "கல்லூரிக்குப் போகலாம். அந்தப் பசுவையும் பாத்துடுவோம்" என்றார்.

நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். தோற்ற மூன்று பேருக்கும் மதிப்பெண் போட்டார்கள். அறுவைக்கூடத்துச் சாவி நூலகத்திலிருந்து திரும்பிவந்த ஆசிரியையின் கைக்குப் போயிற்று. திரையிலிருக்கும் பசுவையும் அவர் பழையபடி சரியாக்கச் சொன்னார். "சாரோட போட்டோவை எடுத்துடட்டுமா?" என்று கம்ப்யூட்டர்காரர் கேட்டார்.

"வேணாம். சாரை யாரும் நகர்த்தவேண்டாம்."

பிள்ளைகள் இப்போதும் அந்தப் பசுவில்தான் ஒத்திகை பார்க்கிறார்கள். வாலைத் தொட்டால் பசு வாலைத் தூக்குகிறது. அதற்கு நேர் எதிரே, வலது மேல்மூலையில், முதல்வர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.