அறையில் என்னைத் தவிர யாருமில்லை

சப்பாத்தியைப் பிய்த்துக் குருமாவில் தோய்த்தபடியே அண்ணன் சொன்னான். "நாளைக்குக் காலையில ஜோதிலிங்கம் மாமாவும் அத்தையும் வர்றாங்க. காசிக்குப் போயிட்டு அப்படியே டெல்லியையும் பாத்துட்டுப் போறாங்களாம். மூணு நாள் இங்கதான்."

அண்ணியின் கை தட்டின் மேலேயே நின்றது. "நாளைக்கா?"

"ஆமா. ஏன், நாளைக்கு என்ன?"

என்ன என்று அவனுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் அண்ணி தேதியை எழுதி ஒட்டி ஒரு மாதமாகிறது. தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அது அவன் மூக்குக்கு நேரே இருக்கும்.

"பத்து மணிக்கு எனக்கு எக்ஸாம்."

"எழுதேன். யாரு வேணாம்னா? வீட்டுலதானே எழுதப் போற."

"ரூம்ல வேற ஆளு இருக்கக் கூடாது. பேச்சுக் குரல் கேக்கக் கூடாது. கேட்டா கேன்சல். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அச்சா. அப்போ மாமாவ ஸ்டேஷன்லயே உக்கார வெச்சிருவோமா? ஊர்லேருந்து வர்றவங்கள வாசல்ல நிறுத்தணும்னு உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்திருக்காங்களா?"

"நீங்கதானே அவங்களுக்குத் தேதி சொன்னீங்க."

அவன் என் பக்கம் தட்டை நீட்டினான். நான் இன்னொரு சப்பாத்தி வைத்தேன். சப்பாத்தி தீரும்போதுதான் இந்த வீட்டில் நானும் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

அவன்தான் தேதி சொன்னான். போன வாரம் பின் வராந்தாவில் நின்று போனில் பேசியதை நான் கேட்டேன். "சனிக்கிழமையே வாங்க மாமா, எனக்கும் அன்னிக்கு லீவு" என்றான். நான் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. அண்ணிக்கும் எனக்கும் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்கிற பழக்கம் இல்லை. ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தவனின் வீடு சிவகங்கைக்காரர்கள் எல்லோருக்கும் சத்திரம். யார் வந்தாலும் பாய் விரிக்க வேண்டும், குதுப்மினாரைக் காட்ட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அவர்கள் ரயிலேறுவதற்கு முன்பே ஊருக்குச் செய்தி போய்விடும். அண்ணி சத்தம் போட முடியாத ஆயுதமாகப் பார்த்து அண்ணன் எடுத்திருந்தான்.

அண்ணி நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறாள். டிகிரி இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஆன்லைனில் கம்ப்யூட்டர் டிகிரிக்குச் சேர்ந்தாள். ஏதோ ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி நடத்தும் பாடத்தை மெட்ரோவிலும், வெங்காயம் நறுக்கும்போதும், கக்கூஸிலும் போனில் பார்த்து முடித்து ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தாள். அந்தச் சான்றிதழைக் கல்லூரி கிரெடிட்டாக ஏற்றுக்கொண்டால் முதல் வருஷத்தில் பாதிப் பாடம் எழுத வேண்டாம். ஆனால் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. படித்தது இவள்தானா என்று பார்க்க, கேமரா முன்னால் உட்கார வைத்து ஒரு பரீட்சை நடத்துவார்கள். அதற்கு ஒரே ஒரு வாய்ப்பு. அது போனால் சான்றிதழ் சும்மா சுவரில் மாட்டுவதற்குத்தான்.

அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. ஆபீஸில் பதவி உயர்வுக்கான பரீட்சையை அவன் இரண்டு தடவை எழுதித் தோற்றிருக்கிறான். பெல்ட்டைக் கழற்றி, பையைத் துழாவி, பனியில் கியூவில் நிறுத்தி உள்ளே விட்ட பரீட்சை. "வீடியோ பாத்தா டிகிரியாம். நான் தினமும் கிரிக்கெட் பாக்குறேன், என்னை டீம்ல சேத்துக்கச் சொல்லு" என்பான். சிரிக்க மாட்டான்.

எனக்கும் பொறுக்கவில்லைதான். நான் பதினோராம் வகுப்பில் நின்றவள். பிசிக்ஸ் செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ஏதோ கேட்டார். பதில் தெரியும், வாய் திறக்கவில்லை. "படிக்கும்போதுதான் ஊமையா, வீட்டிலுமா?" என்று இந்தியில் கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் போகவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. அம்மாவும் அப்பாவும் ஊருக்குப் போய்விட்டார்கள், அண்ணனுக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு அண்ணி வந்தாள். வந்த புதிதில் தபாலில் படி, ஓப்பன் ஸ்கூலில் எழுது என்று துளைத்தாள். நான் பேசாமல் இருந்தேன். ஒரு நாள் அலுத்துப்போய், "விடு, உனக்குக் கரண்டிதான் டிகிரி" என்றாள். அன்றிலிருந்து அவள் போனில் பாடம் ஓடும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே மிக்ஸியைப் போடுவேன்.

காலையில் மாமாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். கங்கைத் தண்ணீர்ச் செம்பு, ஊரிலிருந்து காசி வரை போய் அங்கிருந்து இங்கே வந்த முறுக்கு டின், ஈர வேட்டிப் பொட்டலங்கள். முத்தம்மா அத்தை உள்ளே நுழைந்ததுமே, "என்ன வெயிலு சாமி, காசியில கூட இப்படி இல்ல" என்று கூலருக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவர்கள் காலில் விழுந்து எழுந்தாள். இட்லி போட்டாள். எல்லோரையும் குளிக்க விரட்டினாள். விரட்டுவது தெரியாதபடி, "தண்ணி வர்றது நின்னுரும் அத்தை, ஜல்தி" என்றாள். எங்கள் வீட்டில் குளியலறையும் கழிவறையும் பின் வராந்தாவில் இருக்கின்றன. அங்கே போக உள் அறையைக் கடக்க வேண்டும். அண்ணி பரீட்சை எழுதப்போவது அந்த அறையில்.

பத்து மணிக்கு முன்னால் அவள் என்னைச் சமையலறைக்குள் தள்ளினாள். நெற்றியில் வியர்வை.

"உள் ரூம் கதவுக்கு முன்னால நில்லு. பன்னெண்டு வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. ரெண்டு மணி நேரம். நீ வாயத் திறக்கவே வேணாம், சும்மா நின்னாப் போதும். அதுதான் உனக்கு நல்லா வருமே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் குரல், எங்களிடம் பேசும் குரல் இல்லை அது, ஆங்கிலத்தில் பணிவாக யாருக்கோ அறையைக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில், மேஜைக்கு அடியில், பரண் மேல். அறையில் என்னைத் தவிர யாருமில்லை என்று சொன்னாள். அவர்கள் கேட்க, அதையே இன்னொரு தடவை சொன்னாள். பிறகு விசைப்பலகையின் சத்தம் மட்டும்.

எங்கள் பேச்சு உள்ளே கேட்காமலிருக்க நான் கூலரை முழு வேகத்தில் திருகிவிட்டேன். அது வாங்கிய நாளிலிருந்தே டிராக்டர் மாதிரிதான் ஓடும்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. மாமா செய்தித்தாளில் படம் பார்த்தார். அண்ணன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். மோர் கொடுத்தான். பிறகு ரூஹ் அஃப்சா சர்பத் கலந்து கொடுத்தான். "இனிப்பு வேணாம் மாப்ளே, சுகர் இருக்கு" என்றார் மாமா. "ஒரு நாள் குடிச்சா ஒண்ணும் ஆகாது மாமா, வெயிலு" என்றான். அவன் என்ன செய்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா நெளியத் தொடங்கியதும், "பாத்ரூமா? போங்க மாமா, உள்ள வழியாத்தான். அவ இருந்தா இருக்கட்டும், நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்றான்.

ஊருக்குப் போகும்போது உள் அறைக்குப் போடும் பூட்டு ஷூ ஸ்டாண்டின் மேல் இருக்கும். அதை எடுத்துக் கொண்டியில் மாட்டி அமுக்கினேன். சாவியைச் சுடிதாருக்குள் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து வந்தான். "என்ன பண்ற?"

நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"ஏய், திற. மாமா நிக்கிறாங்கல்ல." குரலை ஏற்றினான். "திறன்னா திற. வாயில என்ன, கொழுக்கட்டையா? பேசுடீ!"

நான் பேசினால் அவன் இன்னும் கத்துவான். அவனுக்கு வேண்டியது கதவு திறப்பதல்ல, கத்த ஒரு காரணம். அவன் கை தோள் உயரத்துக்கு வந்தது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர் முன்னால் வயசுக்கு வந்த தங்கச்சியை அடித்தால் அதுவும் ஊருக்குப் போகும். கை இறங்கித் தலையைக் கோதிக்கொண்டது.

"விடு மாப்ளே," மாமா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சீக்கிரம் வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. வழக்க அப்புறம் பேசலாம்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, மார்க்கெட்டில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு அவரைக் கூட்டிப்போனான் அண்ணன். படியிறங்கும்போது மாமா ஒவ்வொரு படியிலும் நின்றார்.

முத்தம்மா அத்தை இவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏத்தா, அந்தப் பிள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டு நிக்கிறியே, இது உனக்கே நல்லாருக்கா? நாத்தனா கொடுமைன்னு டிவியிலதான் பாத்திருக்கேன். அது என்ன பாவம் பண்ணுச்சு? வந்ததுலேருந்து வாய் ஓயாம அத்தை அத்தைங்குது. அந்த வெக்கையில செத்துகித்துப் போயிரப் போவுது."

பரீட்சை பற்றி அத்தையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். இல்லை என்பதற்கும் சரி என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டியிருப்பேன். அத்தை எழுந்தாள். கதவருகில் வந்து வாயைக் குவித்து, "மதுமதீ! ஏத்தா மதும" என்று அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் வாயை, விருந்துக்கு வந்தவளின் வாயை, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். வெற்றிலை ஈரம் கையில் பட்டது. அவள் கண் பெரிதாயிற்று. கையைக் கடிக்கப் பார்த்தாள். வளையல்கள் என் முழங்கையைக் கீறின. அவளை அப்படியே தள்ளிக்கொண்டுபோய் கூலருக்கு முன்னால் உட்கார வைத்தேன். கையை எடுத்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். "காசிக்குப் போயிட்டு வந்தவ நானு," என்று மட்டும் சொன்னாள்.

நான் மறுபடி போய்க் கதவில் சாய்ந்தேன். யாருக்காக இதைச் செய்கிறேன் என்று யோசித்தேன். அண்ணிக்காக என்று சொல்ல முடியவில்லை. உள்ளே அவள் ஜெயித்தால் நாளைக்கு எனக்கு என்ன கிடைக்கும்? இன்னும் இரண்டு ஏச்சு கூடக் கிடைக்கும். தோற்றால் அண்ணன் இன்று சாயங்காலம் ரசகுல்லா வாங்கி வருவான். அந்த ரசகுல்லாவை என்னால் சாப்பிட முடியாது என்று மட்டும் தெரிந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மாமாவின் முகம் சுருங்கியது. அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். கதவுக்குப் பூட்டுப் போட்டவள் இப்போது விருந்தாளி மேல் கை வைத்தவளும் ஆகிவிட்டாள், இனி அவனை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"சாவிய எடு," என்றான். கத்தவில்லை. "இன்னிக்கு மாமா முன்னாலயே எல்லாம் பேசித் தீத்துருவோம். நீ ஊருக்குக் கிளம்பு, அவங்க திரும்புறப்ப அவங்களோடயே போ. உன்னை வெச்சுக்கிட்டு இனி முடியாது. எடு சாவிய. இல்ல, பூட்ட உடைச்சுத் திறப்பேன்."

அம்மிக் குழவியை எடுக்கச் சமையலறைப் பக்கம் திரும்பினான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு வரைக்கும் என்றுதான் அண்ணி சொன்னாள். கதவில் காதை வைத்தேன், உள்ளே விசைப்பலகைச் சத்தமும் இல்லை. முடித்திருப்பாள். அவன் உடைத்துத் திறப்பதைவிட நானே திறப்பது மேல் என்று தோன்றியது. அவன் உடைத்தான் என்று ஆகக் கூடாது. நான் சாவியை எடுத்தேன். நால்வரும் கதவை நெருங்கி வந்தோம். அத்தை, "புள்ள மயங்கிக் கெடக்குதான்னு பாரு" என்று என் தோளை இடித்துக்கொண்டு வந்தாள். பூட்டு விழுந்தது. கதவு திறந்தது.

அண்ணி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். திரையில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மேலே நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன, இன்னும் பூஜ்யம் ஆகவில்லை. கட்டிலுக்கு அடியையும் பரணையும் காட்டிய நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கேமராவின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் அண்ணியின் முகம். அவள் தோளுக்குப் பின்னால், கதவுச் சட்டத்துக்குள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, நான், அத்தை, மாமா, கையில் குழவியோடு அண்ணன். ஸ்டூடியோவில் நிறுத்தி எடுத்தது போல எல்லோரும் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணி திரும்பவில்லை. கட்டத்துக்குள் அவள் கண் ஒரு கணம் எங்கள் மேல் பட்டுக் கேள்விக்குத் திரும்பியது. அவள் விரல் நகர்ந்து அடுத்த விடையை அமுக்கியது.