லிஃப்ட்காரரின் ஊர்

"பட்டன் எங்கேடா இருக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் அக்கா.

"எந்தப் பட்டன்?" என்றான் தம்பி.

"பணத்தைத் திருப்பிக் கேட்கற பட்டன். கட்டற பட்டன் யானை சைஸ்ல இருக்கு. திருப்பிக் கேட்கறதை மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேட வேண்டியிருக்கு."

மணி பதினொன்று. கூடத்தில் அப்பா, பெட்டிக்குள், இஸ்திரி போட்ட சட்டையோடு படுத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் சட்டைக்கு இஸ்திரி காட்டியதே கிடையாது. வண்டி பன்னிரண்டரைக்கு வரும். அதற்கு அரை மணி முன்னால், சரியாகப் பன்னிரண்டுக்கு, இன்னொரு கதவு சாத்தப்படும். அந்தக் கதவில்தான் அவள் கால் வைத்து நின்றாள்.

விஷயம் இதுதான். விட்டுப்போன உறவுக்காரர்களுக்குச் சாவுச் செய்தி அனுப்ப இன்று காலை அப்பாவின் லேப்டாப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு கிடையாது. 'திருடன் வந்தா லேப்டாப்பையேதானே தூக்கிட்டுப் போவான், பாஸ்வேர்டு அவனை என்ன பண்ணும்?' என்பது அவர் வாதம். திறந்ததும் முதல் கடிதம் முகத்தில் அறைந்தது. 'உங்கள் விளையாட்டு சர்வருக்கு மூன்று வருட முன்பணம் கிடைத்தது. நன்றி. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கேட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும். அதன்பின் இல்லை.' பணம் போன நேரம், நேற்று மதியம் பன்னிரண்டு.

அப்பா போனது முந்தாநாள் ராத்திரி. தூக்கத்திலேயே, யாரையும் எழுப்பாமல்.

"செத்தவர் கணக்குல தானா கையை விட்டு எடுத்திருக்கான் பாரு," என்றாள். அவளுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்கக் காரணம் இருந்தது. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில், வாங்கியதைத் திருப்பித் தர வருகிறவர்களின் கவுன்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். விதிகளைத் தலைகீழாகச் சொல்வாள். இன்று மேசைக்கு அந்தப் பக்கம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷம் முன்பு ஓய்வு பெற்ற மறுநாளே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் ஒரு ஆன்லைன் விளையாட்டைப் பிடித்தார். ஊர் என்றால் குடியிருக்க இடம் வேண்டுமே. எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தார். வாடகை முன்கூட்டியே. அந்த ஊருக்குள் யார் யாரோ வந்து போனார்கள். வீட்டில் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

அம்மா அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி பண்றே?"

"அப்பாவோட விளையாட்டுக் கம்பெனி மூணு வருஷப் பணத்தை எடுத்துட்டான்மா. பிடுங்கிட்டு வரேன்."

"இன்னிக்கா அது? விடேன்."

"விடறதா? எனக்கு வாய்ச்ச சக்களத்தி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான்னு ஊர் முழுக்கச் சொன்னது யாரு? நீதானே?"

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். கூடத்தில் யாரோ புதிதாக வந்த அரவம். திரும்பிப் போய்விட்டாள்.

பட்டன் பக்கத்தின் அடிமட்டத்தில், எறும்பு எழுத்தில் கிடைத்தது. அழுத்தியதும் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்து, கம்பெனியின் சேவைக்காரர் எழுத்தில் பேசினார்.

'உங்கள் நிலை எங்களுக்குப் புரிகிறது.'

"டேய், இது என் வசனம்டா," என்றாள் தம்பியிடம். "ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு நான் சொல்றது. இதைச் சொன்னா ஒண்ணும் கொடுக்கப் போறதில்லைன்னு அர்த்தம்."

அவள் இறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினாள். விதியை எடுத்து அவர் முன்னாலேயே வைத்தாள். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் பாக்கி இருப்பதையும் எழுதினாள். சேவைக்காரர் இறங்கி வந்தார்.

'கோரிக்கையைப் பதிந்துவிட்டேன். ஒப்புதலுக்கு முன் ஒன்று. பணம் திரும்பிய அந்த நொடியே சர்வர் அழிக்கப்படும். நகல் கிடையாது, மீட்கவும் முடியாது. உள்ளே ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.'

"பார்க்கறதுல என்ன இருக்கு?" என்று தம்பி உள்ளே நுழையும் பட்டனைத் தட்டினான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

திரை முழுக்கக் கோபுரங்கள். நாற்பது மாடி, ஐம்பது மாடி. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மைதானம். அதில் கட்டைப் பொம்மைகள் முப்பது பேர், கறுப்பு உடுப்பு மாட்டி, தலை குனிந்து வட்டமாக நின்றார்கள். அந்த வட்டத்தின் மத்தியில் போய் நின்றது அப்பாவின் பொம்மை.

காதில் ஓர் ஆண் குரல், மிக மெதுவாக.

"டாக்டர்... அவர் வந்துட்டாரு."

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"யாருக்குக் கூட்டம் போட்டோமோ அவருதான். நான் வண்டியை ஓரங்கட்டிட்டேன்."

"பயப்படாதீங்க," என்றாள் அவள். "நான் அவர் பொண்ணு."

முப்பது மூச்சுகள் ஒரே நேரத்தில் வெளியேறின. முதலில் பேசியவர் லாரி டிரைவர். டாக்டர் என்றது பல் டாக்டரை. பல் பிடுங்குவதற்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைத்தால் இங்கே வந்து ஒரு சுவர் எழுப்புவாராம்.

"எங்களுக்கு லிஃப்ட்காரர்னுதான் தெரியும்மா," என்றார் லாரிக்காரர். "நான் பள்ளிக்கூடம் தாண்டாதவன். எனக்கு மோட்டார் கணக்கு சொல்லிக் கொடுத்த மனுஷன்."

"அவர் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புகார்ப்பெட்டி சொல்லிச்சு," என்றார் டாக்டர்.

"அது யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ காலேஜ் பையன்னு நினைக்கிறோம். வாய் திறந்து பேசாது, எழுதறதோட சரி. தினமும் ஒரு குறை. மூணாவது லிஃப்ட் கதவு இடிக்குது, ஏழாவது மாடியில இருட்டா இருக்கு, படிக்கட்டு கோணல்னு. உங்கப்பா உடனே ஓடுவாரு. ரெண்டு பேருக்கும் நடக்கற சண்டையைப் பார்க்கவே நாங்க பாதிப் பேர் வர்றது. நேத்து மத்தியானம் ரெண்டு நிமிஷம் வந்து, 'லிஃப்ட்காரர் இனி வரமாட்டார், லிஃப்ட் ஓடும்'னு எழுதிட்டுப் போயிடுச்சு."

உறவுக்காரர்களுக்கே நேற்று சாயங்காலம்தான் செய்தி போனது. யோசிக்க நேரமில்லை. மணி பதினொன்று நாற்பது. அவள் பணம் திரும்பும் கதையையும் ஊர் அழியும் கதையையும் சொன்னாள்.

யாரும் கெஞ்சவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்க வீட்டுப் பணம்மா. எடுத்துக்க வேண்டியதுதான்," என்றார் லாரிக்காரர். "பத்து நிமிஷம் கொடுப்பீங்களா? எல்லா லிஃப்ட்லயும் கடைசியா ஒரு தடவை ஏறி இறங்கிடறோம்."

முப்பது பொம்மைகளும் குடுகுடுவென்று ஓடின. ஒரே லிஃப்டில் பதினொரு பேர் அடைத்துக்கொண்டதில் அது நகர மறுத்தது. "டாக்டர், நீங்க இறங்குங்க." "நான் ஏன் இறங்கணும், உங்க லாரி தலையை முதல்ல வெளியே எடுங்க." அவள் அப்பாவை நடத்திக்கொண்டு எதிர்க் கோபுரத்துக்குள் நுழைந்தாள். தரைத்தளத்தில் ஒரு மேசை. பின்னால் கண்ணாடி போட்ட ஒரு கட்டைப் பெண். மேலே பலகை.

'திருப்பித் தரும் கவுன்டர். பொறுப்பு: என் மகள். எதைக் கொண்டுவந்தாலும் வாங்க மாட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வாள்.'

மேசைக்கு முன்னால் வரிசை. ஓர் உடைந்த நாற்காலி, ஒரு கோழி, ஒரு முழு லிஃப்ட். ஒன்பது வருஷமாக ஆட்கள் கொண்டுவந்து வைத்தவையாம்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. கூடத்தில் பேச்சு நின்று, பத்துத் தலைகள் அறைப்பக்கம் திரும்பின.

"அக்கா," என்றான் தம்பி, "எல்லாரும் பார்க்கறாங்க."

"இதைப் படிடா."

படித்தான். அடுத்த நொடி அவனும் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்குவதைப் பார்த்த பெரியப்பா வாசலிலிருந்து, "அழுங்க, அழுங்க, அடக்கி வைக்கக் கூடாது," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இருவரையும் நிறுத்த ஆளில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. சேவைக்காரர் எழுதியிருந்தார்: 'கடைசி ஒப்புதலுக்கு ஆம் என்று எழுதவும்.'

காதில் லாரிக்காரரின் குரல். "முடிஞ்சுதும்மா. எல்லாரும் கீழே வந்துட்டோம். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவள் விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள்.

'வேண்டாம்,' என்று எழுதினாள். 'கோரிக்கையை வாபஸ் வாங்கறேன். ஊர் இருக்கட்டும்.'

"அக்கா, மூணு வருஷப் பணம்," என்றான் தம்பி.

"எதைக் கொண்டுவந்தாலும் வாங்க மாட்டேன்டா. பலகையில போட்டிருக்கு, நான் என்ன பண்றது?"

ஹெட்ஃபோனில் கிளம்பிய கூச்சலில் அதைக் கழற்றி எட்டப் பிடித்துக்கொண்டாள். முப்பது பேரும் மறுபடி லிஃப்டுக்கு ஓடினார்கள். மணி பன்னிரண்டு அடித்தது.

சேவைக்காரர் இன்னும் போகவில்லை.

'விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு தகவல். தொடர்ந்திருந்தாலும் உங்களால் வாங்கியிருக்க முடியாது. பணம் கட்டியவர் கேட்டால்தான் திருப்பித் தருவோம் என்பது விதி. கடைசிச் சரிபார்ப்பில்தான் கவனித்தேன்.'

'கட்டினது எங்கப்பாதானே? தானா எடுத்தீங்களே.'

'இல்லை. அவர் கணக்கில் அந்த வசதியே கிடையாது. நேற்று வேறொருவர் தன் அட்டையில் கட்டினார். இந்த ஊரிலேயே ஒன்பது வருடமாக இருக்கும் ஒருவர்.'

பில் யார் பேரில்? கவுன்டருக்கு யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. இன்று, சொந்த வீட்டில், கேட்காமல் விட்டிருந்தாள். இப்போது தட்டினாள்.

பதில் வரும்வரை கூடத்தைப் பார்த்தாள். வந்தவர்கள் நகர்ந்திருந்தார்கள். அம்மா பெட்டிமேல் குனிந்து அப்பாவின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உதடுகள் வேகமாக அசைந்தன. ஏதோ குறை சொல்வதுபோல் இருந்தது.

திரையில் இரண்டு வரி வந்து விழுந்தது.

'விளையாட்டில் பெயர்: புகார்ப்பெட்டி. அட்டையில் உள்ள பெயர் கீழே.'

அவளுடைய பள்ளிச் சான்றிதழில், 'தாயார் பெயர்' என்று அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் அது.