வற்றாத குடுவை

ஆய்வகத்துப் பெண் வார்டுக்குள் கால் வைத்ததும் ஒரு நாற்காலி பறந்து வந்தது. குனிந்தாள். அது சுவரில் மோதிக் கால் முறிந்து விழுந்தது.

அவள் ஒரு குடுவையை எடுத்துப்போக வந்திருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்த மூன்று பேருக்குத் தையலில் சீழ் வைத்திருந்தது. குழாய், கட்டில் கம்பி, செவிலியரின் விரல்கள் என எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்து வளர்த்துப் பார்த்தாள். எதிலும் சீழில் கண்ட கிருமி இல்லை. வேறு வழி தெரியாமல், புண் துடைக்கும் மஞ்சள் கிருமிநாசினியிலேயே ஒரு சொட்டு எடுத்து வைத்தாள். இன்று காலை பார்த்தால் அதில்தான் கொழுத்துக் கிடந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

வார்டின் தலைமைச் செவிலியான பெரிய சிஸ்டருக்கு அந்த மருந்துக் குடுவை வற்றவே கூடாது. குறையக் குறைய மேலே ஊற்றுவார். பஞ்சும் அதிலேயே ஊறும். காலி செய்து கழுவியதை யாரும் பார்த்ததில்லை. அடியில் தங்கிய பழைய மருந்து வீரியம் இழந்துபோக, கிருமி அதிலேயே குடித்தனம் நடத்தியது. எல்லா வார்டுகளுக்கும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அவள் உடனே சிஸ்டருக்குப் போன் செய்தாள்.

"யாரு, ஊமைக்கோட்டானா? வெறும் காத்துதான்டி வருது. சத்தமா பேசு" என்று சிஸ்டர் வைத்துவிட்டார். அதனால்தான் ஓடி வந்தாள்.

அதற்குள் மூவரில் ஒருவர் இறந்திருந்தார். லாரி ஓட்டுநர். அவருடைய அண்ணன் சலைன் மாட்டும் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கி ஜன்னல்களை நொறுக்கிக்கொண்டிருந்தார். இறந்தவரின் தம்பி, கட்டுப்போடும் ஊழியரின் சட்டையைப் பிடித்துக் கட்டில் விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்தது.

"கால் ஒடஞ்சுதானடா வந்தான்! நடந்தே வீட்டுக்குப் போவான்னு சொன்னீங்களேடா!" என்று அண்ணன் கத்தினார்.

எழ முடியாத நோயாளிகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தம்பி அலமாரிக் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவனே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெரிய சிஸ்டருக்கு ரத்தத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. "கைய நீட்டுடா, எருமை. அடிக்க வந்தவனுக்கு மயக்கம் வேற" என்று டிராலியை இழுத்தார். குடுவைக்குள் இடுக்கியை விட்டுப் பஞ்சை எடுத்தார்.

"வேண்டாம்" என்றாள் அவள். அவளுக்கே கேட்கவில்லை.

டிராலியை உதைத்தாள். குடுவை விழுந்து சிதறியது. ஆனால் பஞ்சு இன்னும் சிஸ்டரின் இடுக்கியில் இருந்தது. பாய்ந்து அதைப் பறித்தாள்.

அண்ணன் அவள் முகத்தில் அறைந்தார். வாய்க்குள் பல் ஒன்று ஆடியது.

"இவனையும் சாகவிடணுமாடி உனக்கு? எதுக்குடி தட்டிவிட்ட?"

கால் இடறிவிட்டது என்று சொன்னால் போதும். சிஸ்டர் தப்பிப்பார். வேறு குடுவை வரும், அதே கிருமியோடு.

"அந்த மருந்துலதான் கிருமி இருக்கு" என்றாள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. "செத்துப்போன உங்க தம்பி புண்ணுல இருந்ததும் இதே கிருமிதான்."



"நானா?" என்றார் சிஸ்டர். "நான் ஒரு வேளைகூட அதைக் குறைய விட்டதில்லையேடி..."

கம்பம் அவர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கடைசிக் கட்டில்வரை கேட்டது. அண்ணன் மறுபடி ஓங்கினார்.

அவள் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினாள்.

"மத்த வார்டுலயும் இதே குடுவை இருக்கு அண்ணே. இந்நேரம் யாருக்கோ தொடச்சிட்டிருப்பாங்க. இவங்கள அப்புறம் அடிங்க."

அவர் அவளை முறைத்தார். பிறகு கம்பத்தோடு வெளியே ஓடினார். அவள் பின்னால் ஓடி வழி காட்டினாள். பக்கத்து ஆண்கள் வார்டில் ஒரே அடியில் குடுவை நொறுங்கியது. பெண்கள் வார்டில் டிராலியே கவிழ்ந்தது. அலறலுக்கு நடுவே மஞ்சள் நீர் தரையில் ஓடியது.

மாடிப்படியில் காவலர்கள் அவரைப் பிடித்து முட்டி பெயர அடித்தார்கள்.

"மேல ஒண்ணு இருக்காம்டா! விடுங்கடா!" என்று அவர் கத்தினார். முதுகில் பூட்ஸ் கால்கள் விழுந்தன.

மேலே இருந்தது குழந்தைகள் வார்டு. அவள் படியேறினாள். அறையின் மறுகோடியில் ஒரு செவிலி, வயிற்றுக் கட்டைப் பிரித்து வைத்திருந்த சிறுமியின் பக்கம் பஞ்சோடு குனிந்துகொண்டிருந்தாள். இடையில் எட்டுக் கட்டில்கள்.

"தொடாதே! கீழ போடு!"

குழந்தைகள் எல்லாம் ஒன்றாய் அழத் தொடங்கின. பஞ்சு தரையில் விழுந்தது.

"ஏன்டி இப்படிக் கத்துற?" என்றாள் செவிலி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு என்ன காது செவிடா?"