கராஜ் லைன்

கிஷாந்தின் வீட்டில் கரன்ட் அடித்தால் அதற்கு ஒரே வைத்தியம் இறப்பர் செருப்பு. ஃப்ரிட்ஜ் அடிக்கும், செருப்பு. பழைய வோஷிங் மெஷின் அடிக்கும், செருப்பு. கல்யாணமாகி வந்த கிழமையே மாமியார் சாம்பவிக்கு ஒரு சோடி கொடுத்து, குசினிக்குள் இதைக் கழற்றாதே என்றார். குடும்ப நகையைக் கையளிப்பது போலத்தான் கொடுத்தார். சாம்பவியும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வருடக்கணக்காகப் போட்டாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன்மீதே மதிப்பு வருவதில்லை.

கரவன் வந்தது பங்குனியில். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சின்ன வீடு: இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். இங்கிலாந்தில் யாரோ கழித்துவிட்ட சாமான். கிஷாந்த் அதை வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் தங்கள் ஒழுங்கையில், கராஜுக்கு முன்னால் நிறுத்தினான். வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். முதலில் பெயின்ட் அடித்தான். பிறகு மஞ்சள் பல்ப் மாலை சுற்றினான். பிறகு படம் எடுத்து விளம்பரம் போட்டான். வயரையும் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கரன்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டும் வீட்டு ட்ரிப் சுவிச்சுக்குத்தான் தோன்றியது. கேபிளைக் கொழுவிய உடனே அது விழுந்தது. வீடு இருண்டது. தூக்கிவிட்டான். திரும்பவும் விழுந்தது. மலிவுச் சாமான் வாங்கினால் இப்படித்தான் என்று சுவிச்சைத் திட்டினான்.

சாம்பவிதான் வலன்ரைனைக் கூப்பிட்டாள். கொட்டாஞ்சேனை ஆள். ஒருகொடவத்தையில் குளிர்க் கொள்கலன்களுக்கு வயர் வேலை செய்தவன். வாய் பொல்லாதது. கரவனுக்குள் நுழைந்து பெட்டி பெட்டியாகக் கழற்றினான். இணைப்புகளில் இருந்த ஆணிகள் தொட்ட உடனே சுழன்றன. வயர் நுனிகளில் கடற்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயர் ஒரு தகர விளிம்பில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. அந்தத் தகரத்திலிருந்து வெளிக் கதவின் பிடிவரைக்கும் எல்லாம் ஒரே உலோகம்.

"இது வீடில்ல மிஸ், ஓடுற சாமான்," என்றான் வலன்ரைன். "ஒவ்வொரு குழியிலயும் குலுங்கும். ஒருக்காப் போய் வந்தா எல்லா ஆணியையும் திரும்ப முறுக்கணும். சேருக்குச் சொல்லுங்க, சுவிச் விழுறது அதுக்கு வந்த நோயில்ல. அதுட வேலை."

கிஷாந்த் சேர் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இணைப்பு முழுவதையும் சுத்தம் செய்து, அந்த வயரை மாற்ற இரண்டு நாள் வேண்டும் என்றதும், வேலையை இழுக்கிறான் என்று முடிவுகட்டினார். ஃப்ரிட்ஜ் வயரையாவது கழற்றிவிட்டுப் போகட்டுமா என்று வலன்ரைன் கேட்டான். ஃப்ரிட்ஜ் இல்லாத கரவனை எந்த விசரன் எடுப்பான் என்று கிஷாந்த் சிரித்தான். தேத்தண்ணீர் ஆறுமுன் ஆளை அனுப்பிவிட்டான். கொட்டாஞ்சேனையானுக்கு இங்கிலாந்துச் சாமான் என்ன விளங்கும் என்பது அவன் கடைசி வார்த்தை.

பின்னேரம் தானே ரிப்பேர் செய்தான். கேபிளை வீட்டு லைனிலிருந்து கழற்றிக் கராஜ் லைனில் கொழுவினான். தகப்பனார் காலத்தில் ஒரு பல்புக்காக இழுத்த லைன் அது. அதில் ட்ரிப் சுவிச் இல்லை. கசிகிற கரன்டை மண்ணுக்கு இறக்கும் ஏர்த் வயரும் இல்லை. பல்ப் மாலை எரிந்தது. ஒன்றும் விழவில்லை.

"பார்த்தீரே? விழேல்ல."

சாம்பவி டெஸ்டரைக் கொண்டுபோய்க் கதவுப் பிடியில் வைத்தாள். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு தொடும்," என்றான்.

அடுத்த நாள் கரவன் வாசலில் நான்கு சோடி புதுச் செருப்பு இருந்தது. விளம்பரத்திலும் ஒரு வரி கூடியிருந்தது: செருப்பு இலவசம்.

சாம்பவி களுபோவில ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பவள். கரன்ட் அடித்துக் கொண்டுவந்தவர்களுக்கும் எடுத்திருக்கிறாள். சிலவேளை கடதாசியில் வெறும் கோடுதான் வரும். அதைச் சொன்னபோது, சாப்பாட்டு மேசையில் ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம் என்றான் கிஷாந்த்.

முதல் வாடகைக்காரர் கதிர்காமநாதன். கிஷாந்தின் தகப்பனாரோடு படித்தவர், லண்டனிலிருந்து வந்திருந்தார். மனைவி சிவமணியையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போகிற யோசனை. சாம்பவி அவருக்குக் கோல் எடுத்து, வயர் சரியில்லை என்று சொன்னாள். அவர் உடனே கிஷாந்துக்குக் கோல் எடுத்தார். இவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, எதைப் பார்த்தாலும் சாவுதான் தெரியும் என்றான் கிஷாந்த். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆள் வந்து இரண்டு நாள் நின்று எல்லாம் பார்த்தது என்றும் சொன்னான். இரண்டு ஆம்பிளைகளும் சிரித்தார்கள். லண்டனில் இத்தனை வருடம் இருந்த மனிதருக்கு, வயர் சரியென்று ஒரு கடதாசி கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூசை. ஐயர் வந்தார். சில்லுகளுக்குக் கீழ் தேசிக்காய் வைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தேங்காய் உடைத்ததில் வாசல் சீமெந்து முழுக்க ஈரம். வீடியோவுக்காகப் பல்ப் மாலை எரிந்தது. பூசைக்கு முன்னால் செருப்புக் கிடக்கக்கூடாது என்று ஐயர் சொல்ல, கிஷாந்த் நான்கு சோடியையும் அள்ளி மதில் ஓரம் போட்டான். எல்லோரும் வெறுங்கால்.

வீட்டுக்காரர் வலக்கையால் கதவைத் திறக்கட்டும் என்றார் ஐயர்.

கிஷாந்த் கதவுப் பிடியைப் பார்த்தான். தன் கால்களைப் பார்த்தான். சாம்பவி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் அவனை மடையன் என்றுதான் நினைத்திருந்தாள். மடையன் என்றால் மன்னிக்கலாம்.

"அன்ரி, நீங்கள் திறவுங்கோ," என்றான். "உங்கட கை ராசியான கை."

சிவமணிக்கு முகம் மலர்ந்தது. முழுகின தலை, ஈரம் சொட்டியது. ஒரு கையில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டியபடி வந்தார்.

சாம்பவி கராஜுக்குள் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

மாலை அணைந்தது. மந்திரம் நின்றது. சிவமணி இன்னும் பிடியில் படாத கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டார். நல்ல காரியத்தில் விளக்கை அணைக்கலாமா பிள்ளை என்று கதிர்காமநாதன் கேட்டார்.

"கதவில கரன்ட் இருக்கு, அங்கிள்."

தொடங்கிவிட்டாள் பாருங்கோ என்று கிஷாந்த் சிரித்தான். சாம்பவி சிவமணியையும் பிள்ளையையும் காய்ந்த பக்கம் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். திரும்பிவந்து பிளக்கைக் கொழுவினாள். மாலை எரிந்தது.

"இப்ப நீங்கள் திறவுங்கோ. வெறுங்காலோட."

கிஷாந்த் அசையவில்லை. ஐயர் தட்டையும் தூக்கிக்கொண்டு மெல்ல ஈரத்தை விட்டு இறங்கி ஒழுங்கையில் போய் நின்றார்.

"திறவும் தம்பி," என்றார் கதிர்காமநாதன். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"இராகு காலம் தொடங்கீட்டுது, அங்கிள்."

"இன்னும் நேரம் இருக்கு," என்றார் ஐயர் ஒழுங்கையிலிருந்து.

கிஷாந்த் வேட்டியைச் சரிசெய்தான். போனை எடுத்துப் பார்த்தான். யாரோ கூப்பிட்டதுபோல வீட்டுப் பக்கம் திரும்பினான். அந்த இரண்டடித் தூரத்தை மட்டும் அவன் நடக்கவில்லை. கதிர்காமநாதன் பேரனின் கையைப் பிடித்தார். பொங்கல்கூட வாங்காமல் நாலு பேரும் ஓட்டோ பிடித்துப் போய்விட்டார்கள்.

"என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்," என்றான் கிஷாந்த்.

"அன்ரி செத்திருந்தா?"

"சாகிறளவுக்கு இல்லை. நான் தொட்டுப் பார்த்தனான்."

சாம்பவி கராஜுக்குள் போனாள். பிளக்கைக் கழற்றினாள். கேபிளை மறுமுனையிலும் கழற்றி, முழங்கையில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னேரம் அவன் கேபிளைக் கேட்டான். வலன்ரைன் வந்து வேலை முடித்தபிறகு தருவதாகச் சொன்னாள். வேறு வாங்குவேன் என்றான். வாங்குங்கோ, கொழுவி, கதவையும் நீங்களே திறவுங்கோ என்றாள். அவன் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வலன்ரைன் வந்தான். கிஷாந்த் புதுச் சட்டை போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்து நின்றான்.

"ஆணி எல்லாத்தையும் வடிவா முறுக்கும்," என்றான். "நான் அப்பவே இவவுக்குச் சொன்னனான், கேட்டாத்தானே."

வலன்ரைன் சாம்பவியைப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் வயரிலிருந்து தொடங்கச் சொன்னாள்.