வாய் மட்டும் என்னுடையது

பதினோரு படத்தில் நடித்திருக்கிறேன். ஒன்றில்கூட நான் பேசியதில்லை. ஊமை வேடம் என்று நினைத்துவிடாதீர்கள், பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற அம்மா வேடம்தான். கேமரா முன்னால் நான் பேசுவேன். பிறகு ஸ்டூடியோவில் வேறொருத்தி என் வாயசைவைப் பார்த்துப் பேசிச் சேர்ப்பாள். என் குரல் கரகரப்பாம். அம்மா என்றால் குரலில் தேன் ஒழுக வேண்டுமாம். இருபது வருஷம் நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்ட குரலுக்கு இந்த மரியாதை.

நானாவது பொறுத்துப்போவேன். அப்பாவுக்குக் கண் போய்விட்டது. என் நாடகங்களுக்கெல்லாம் திரை இழுத்தவர் அவர். ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டருக்குக் கூட்டிப்போவேன். முழுப் படத்தையும் கேட்டுவிட்டு, "யாரோ பேசறாளே, நீ எப்பம்மா வருவே?" என்பார்.

பன்னிரண்டாவது படத்தில் எனக்கு ஒரே காட்சி. மகனை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டும்.

"இதுக்காவது நானே பேசறேனே தம்பி," என்று டைரக்டரிடம் கேட்டேன்.

"வாயை அசைச்சா போதும்க்கா. வசனம் மறந்தா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. பின்னால பார்த்துக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம். எண்ணவா சொல்கிறாய், இரு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். வசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் 'வெளியே போ' என்பதில் முதல் வார்த்தையைப் பாதியில் விழுங்கி, உதட்டைக் கடித்து, மூச்சு வாங்கி, மீதியைத் துப்பினேன். காட்சி முழுக்க அப்படித்தான். டைரக்டர் கைதட்டினார். பாவம், வரப்போவது தெரியாமல்.

ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். "அக்கா, கொஞ்சம் ஸ்டூடியோவுக்கு வர முடியுமா?" பேச்சில் சுரத்தே இல்லை.

போனேன். வழக்கமாக எனக்குக் குரல் கொடுப்பவள் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். அன்றுதான் அவள் முகத்தையே பார்க்கிறேன்.

"காலையிலேருந்து முப்பது தடவை பேசிட்டேன். ஒட்டவே மாட்டேங்குது. வேணும்னேதானே செஞ்சீங்க?"

"ஆமா," என்றேன்.

"நீங்க முதல் படத்துலயே இதைச் செஞ்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பழக்கதோஷம், முதல் தடவை கடைசி வரிசைக்குப் பேசித் தொலைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

"இதுக்குத்தான் வேணாம்னது," என்று டைரக்டர் முணுமுணுத்தார்.

இதையும் விட்டால் அவ்வளவுதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினேன். எதிரே இருந்த திரையைப் பார்க்கவே இல்லை. என் வாய் எனக்குத் தெரியாதா? விழுங்கிய இடத்தில் விழுங்கினேன், துப்பிய இடத்தில் துப்பினேன். முடித்தேன். ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

படம் வந்த முதல் நாளே அப்பாவோடு போய் உட்கார்ந்தேன். பாதிப் படத்துக்குமேல்தான் என் காட்சி வந்தது. முதல் வார்த்தை பாதியில் உடைந்ததுமே அவர் என் கையைப் பிடித்தார்.

"வந்துட்டியாம்மா," என்றார்.

முன்வரிசைக்காரர் திரும்பி உஸ்ஸென்றார்.

"நீங்க சத்தமாவே பேசுங்கப்பா," என்றேன்.